புதுப் போர்வை வந்த நாள்: மனநல சீராய்வு மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாநில மனநல ஆணையத்தின் பொறுப்பாளர்களுக்கும், மாவட்டங்களில் உள்ள மனநல சீராய்வு மன்றங்களின் தலைவர்கள், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

என் அண்ணன் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவராக 20 வருடம் வேலை பார்த்தவர். ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்தால் விட்டுப்போன ஒற்றெழுத்துதான் முதலில் அவர் கண்ணில் படும், விஷயம் என்ன என்பதெல்லாம் அப்புறம்தான். அவருக்கு மனச்சிதைவு நோய். சில வருடங்களுக்கு முன் நோய் முற்றி, வீட்டில் வைத்துப் பார்க்கவே முடியாத நிலை வந்தபோது ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் சேர்த்தோம். நான்கு மாதம் அங்கே இருந்தார். அந்த இடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரைச் சொன்னால் அந்த ஒரு இடத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள்.

இரண்டாவது மாதம் பார்க்கப் போனபோது அண்ணன் என் காதருகே வந்து சொன்னார்: "ராத்திரி ரவுண்ட்ஸ் நோட்டுல நாளைக்கு ராத்திரிக்கும் சேர்த்து எழுதி வச்சிருக்காங்கடா." நான் பொறுப்பாளரிடம் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "அவர் அப்படித்தான் சார் சொல்வார். சந்தேகம்தானே இந்த வியாதியே." நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். கூடப் பிறந்தவனே நம்பவில்லை என்பதை அண்ணன் என் முகத்திலேயே பார்த்திருப்பார். அதற்குப் பிறகு அந்த நோட்டைப் பற்றி அவர் பேசவே இல்லை.

அவரைக் கூட்டிவரப் போன நாள், பில் போடுவதற்காக மேசையருகே காத்திருந்தேன். காலை 11 மணி இருக்கும். அந்த நோட்டு திறந்தே கிடந்தது. அன்று இரவுக்கான கட்டங்கள் 10 மணியிலிருந்து விடியற்காலை 5 மணி வரை, ஒரே நீல மையில், ஒரே சாய்வில் நிரப்பியிருந்தன. எல்லாக் கட்டத்திலும் 'நோயாளிகள் தூங்குகிறார்கள்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தது. பக்கத்தைத் திருப்பினேன். மறுநாள் இரவும் அப்படியே.

அண்ணன் சொன்னது முழுக்க உண்மை. நோய் முற்றியிருந்த காலத்திலும் அவருடைய பிழை பார்க்கும் கண் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. நம்புவதற்குத்தான் அந்தக் கட்டடத்திலும் ஆள் இல்லை, வெளியிலும் ஆள் இல்லை.

மனநல நிலையங்களில் சேர்க்கப்படுபவர்களின் சேர்க்கையையும் மனுக்களையும் பரிசீலிக்க வேண்டியவர்கள் நீங்கள். இதை உங்களுக்கு எழுதக் காரணம், 'அவர் அப்படித்தான் சொல்வார்' என்ற அந்த ஒற்றை வாக்கியம். வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் ஒரு நோயாளி 'ராத்திரி நர்ஸ் வரவே இல்லை' என்றால், குறைந்தபட்சம் யாராவது போய் விசாரிப்பார்கள். மனநோய்ப் பிரிவில் அதே வார்த்தை கேஸ் ஷீட்டில் இன்னொரு அறிகுறியாகப் போய்ச் சேருகிறது. அழுத்திச் சொன்னால் பதற்றம். கத்திச் சொன்னால் வன்முறைப் போக்கு. சொல்வதை விட்டுவிட்டால் முன்னேற்றம். ஒருவர் சொல்வது நோயா நடப்பா என்று முடிவு செய்கிறவரும், அந்தப் புகாரில் சம்பந்தப்பட்டவரும் ஒரே ஆளாக இருந்தால் உண்மை எப்படி வெளியே வரும்? நல்ல மனிதராக இருந்தாலும் அவரால் அதைச் செய்ய முடியாது. அதனால்தான் வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டியிருக்கிறது. அந்தக் காப்பகத்திலிருந்து சம்பளமோ சலுகையோ வாங்காதவர், அங்கே பொறுப்பில் இருப்பவரின் நண்பராக இல்லாதவர், நோயாளியோடு தனியாக உட்கார்ந்து பேசுகிறவர்.

மருத்துவர்கள் மேல் எனக்கு வெறுப்பு இல்லை, இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் இன்று வீட்டில் உட்கார்ந்து செய்தித்தாளில் பேனாவால் பிழை திருத்துகிறார் என்றால், அங்கே வாரம் இருமுறை வந்துபோன மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்துதான் காரணம். தன் செல்போனை ரகசியமாகக் கொடுத்து அண்ணனை அம்மாவோடு பேசவைத்த ஒரு நர்ஸ் தங்கையும் அங்கே இருந்தார். அப்படி ஒருவர் வாயைத் திறந்து 'இங்கே இது தப்பு' என்று சொல்லவும் வெளியே ஒரு இடம் வேண்டும். சொன்னால் மறுநாள் வேலை இருக்காது என்ற நிலையில் அவரும் என்னதான் செய்வார்?

அப்புறம் அந்தப் போர்வை. ஞாயிற்றுக்கிழமைதான் போன் பேச விடுவார்கள், அதுவும் ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் ஒரு ஊழியர் உட்கார்ந்திருக்க. ஒரு ஞாயிறு அண்ணன் சொன்னார்: "இன்னிக்குப் புதுப் போர்வை குடுத்திருக்காங்க. யாரோ வராங்க போல." அடுத்த வாரம் நேரில் போனபோது பழைய போர்வைதான் இருந்தது. புதியவற்றை மடித்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்களாம். வந்தவர்கள் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, வார்டு வாசல் வரை வந்து, பொறுப்பாளர் பக்கத்தில் நிற்க, 'எல்லாம் வசதியா இருக்கா?' என்று பொதுவாகக் கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள்.

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்குன்னுதான் சொன்னேன். அவங்க சாயங்காலம் போயிடுவாங்க. நான் எங்கடா போறது?"

முன்கூட்டியே சொல்லிவிட்டு வருகிற ஆய்வு எப்படி நடக்கும் என்று நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அடுத்த ஆண்டே நடைமுறைக்கு வந்துவிட்டது. வழக்கறிஞர் ஒருவரின் உதவியோடு அதை வரிவரியாகப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியமும் கோபமும் மாறி மாறி வந்தது, நாங்கள் ஏங்கியதெல்லாம் அதில் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. ஒருவரை அவர் தானாகச் சம்மதிக்காத நிலையில் சேர்த்தால் 7 நாளுக்குள் உங்கள் மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெண்ணாகவோ சிறாராகவோ இருந்தால் 3 நாளுக்குள். அந்தச் சேர்க்கை தப்பு என்று நோயாளி மனுப்போட்டால் 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும். 30 நாளுக்கு மேல் வைத்திருப்பதென்றால் மன்றத்தின் அனுமதி வேண்டும். சங்கிலியால் கட்டக் கூடாது, எந்த வடிவத்திலும். கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது. தனிமைச் சிறை போல அடைக்கக் கூடாது. நோயாளியைக் கட்டுப்படுத்தி வைத்த ஒவ்வொரு சம்பவமும் மாதாமாதம் உங்களுக்கு வர வேண்டிய அறிக்கையில் இருக்க வேண்டும்.

72ஆம் பிரிவை இரண்டு தடவை படித்தேன். மன்றத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் ஒவ்வொரு மனநல நிலையத்திலும் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும் என்கிறது. மன்றத்துக்கு மனு எழுத வேண்டிய படிவத்தை அவர்களே தர வேண்டும், மன்றத்தை அழைத்துப் பேசக் காசில்லாமல் போனும் தர வேண்டும் என்கிறது. மனுவுக்குக் கட்டணம் கிடையாது. விசேஷமான சூழ்நிலையில் வாய்மொழியாகவோ போனிலோ சொன்னதைக்கூட மன்றம் மனுவாக ஏற்கலாம்.

அண்ணன் இருந்த இடத்தின் வரவேற்பறைச் சுவர் எனக்கு மனப்பாடம், அத்தனை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சாமி படங்கள் இருந்தன. ஒரு நகைக்கடைக் காலண்டர் இருந்தது. திறப்பு விழா போட்டோ, 'மாதக் கட்டணத்தை 5ஆம் தேதிக்குள் செலுத்தவும்' என்ற பலகை, அதன் கீழே ஒரு புகார்ப் பெட்டி. பூட்டில் துரு ஏறியிருந்தது. சாவி பொறுப்பாளரின் மேசையில். நோயாளிகளுக்குப் பேனா தருவதில்லை. அந்தப் பெட்டிக்குள் காகிதம் போட அங்கே யாரால் முடியும் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. உங்கள் மன்றத்தின் எண் அந்தச் சுவரில் எங்குமே இல்லை. இப்படி ஒரு மன்றம் இருக்கிறது என்பதே, அண்ணன் வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது.

நான் ஏன் அப்போதே எங்கும் புகார் செய்யவில்லை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு முறை, அண்ணனின் தலையை மொட்டையடித்திருந்ததைப் பார்த்து எழுத்தில் கேட்டேன். 'பேன் இருந்தது' என்றார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: "எங்க மேல நம்பிக்கை இல்லைன்னா தாராளமா கூட்டிட்டுப் போங்க." வீட்டில் 74 வயது அம்மா, என் இரண்டு குழந்தைகள், மருந்து சாப்பிட மறுக்கும் அண்ணன். எங்கே கூட்டிப்போவது? அந்த ஒரு வரியில் என் வாய் அடைத்துவிட்டது. நோயாளியின் குடும்பம் என்றால் இதுதான் நிலைமை. நாங்கள் கையெழுத்துப் போடுகிறோம், பணம் கட்டுகிறோம், ஆனால் பயந்துகொண்டே இருக்கிறோம். புகார் வரட்டும், பார்க்கலாம் என்று நீங்கள் காத்திருந்தால் அது வரவே வராது. புகார் வராததை 'குறை எதுவும் இல்லை' என்று தயவுசெய்து கணக்கில் எழுதாதீர்கள்.

ஏர்வாடியை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டத்தில், தர்காவை நம்பி வந்தவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிவைத்திருந்ததால் எழுந்து ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். அந்தச் சங்கிலிகள் ஒரே இரவில் மாட்டியவை அல்ல. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அங்கே இருந்தவை, ஊருக்கே தெரிந்தவை. அன்றைக்கும் சட்டம் இருந்தது, 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம். உள்ளே போய்ப் பார்த்து எழுதிவைக்க ஆள் இல்லை. அந்தத் தீக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, விசாரணை ஆணையம் அமைந்தது, காப்பகங்கள் மூடப்பட்டன. எல்லாமே 28 உயிர்களுக்குப் பிறகு. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டக் காப்பகம் ஒன்று செய்திகளில் அடிபட்டதே, அதுவும் அங்கே சேர்த்த ஒருவரைக் காணவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான். சொந்தக்காரர் ஒருவர் தேடி அலைந்ததால் அது வெளியே தெரிந்தது. தேடி வர ஆளே இல்லாதவர்கள் எத்தனை பேர்?

மன்றம் என்று ஒன்று பெயருக்கு இருந்தால் மட்டும் போதாது என்பதற்குத் தென்னாப்பிரிக்காவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கும் மனநல சீராய்வு மன்றங்கள் சட்டப்படி உண்டு. 2016இல் கௌடெங் மாகாண அரசு செலவைக் குறைப்பதாகச் சொல்லி, லைஃப் எசிடிமேனி என்ற நிறுவனத்தின் பராமரிப்பில் இருந்த 1,700க்கும் மேற்பட்ட நோயாளிகளை வெளியே அனுப்பியது. பலர் தகுதியே இல்லாத தொண்டு நிறுவனங்களுக்குப் போனார்கள். பட்டினியிலும் குளிரிலும் மருந்தில்லாமலும் ஆட்கள் இறந்தார்கள். மாகாண சுகாதார அமைச்சர் சட்டமன்றத்தில் சொன்ன கணக்கு 36. அரசுக்குக் கட்டுப்படாத சுகாதாரக் குறைதீர்ப்பாளரான பேராசிரியர் மலெகபுரு மக்கோபா விசாரித்து 2017 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தபோது அது 94க்கும் மேல் போயிருந்தது. கடைசியில் 144. சாவைக்கூட வெளியாள் வந்து எண்ணினால்தான் சரியாக எண்ண முடிந்தது. அந்த மாகாணத்தின் சீராய்வு மன்றம் சுதந்திரமோ அதிகாரமோ இல்லாமல் செயலற்றுக் கிடந்ததையும் அவர் அறிக்கை சொன்னது. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால்தான் உங்களிடம் சிலவற்றைக் கேட்கிறேன். புதிய சட்டம் எதுவும் வேண்டாம். புகார் வந்தாலும் வராவிட்டாலும் ஆய்வுக்கு உத்தரவிடும் அதிகாரம் ஆணையத்துக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சொல்லாமல் வந்து பயன்படுத்துங்கள். இரவில் வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அரசு மருத்துவமனை, தனியார் காப்பகம், கோயிலையும் தர்காவையும் தேவாலயத்தையும் ஒட்டி நடக்கும் இடங்கள், எதற்கும் விலக்குக் கொடுக்காதீர்கள். நோயாளியோடு பேசும்போது அந்த இடத்து ஊழியர் யாரும் காது கேட்கும் தூரத்தில் இருக்கக் கூடாது. பேசியவருக்கு அதன் பிறகு என்ன ஆனது என்று ஒரு வாரம் கழித்து மறுபடியும் வந்து பாருங்கள். என்னைக் கேட்டால், முதல் வருகையைவிட இந்த இரண்டாவது வருகைதான் முக்கியம். அண்ணன் போன்றவர்கள் வாயைத் திறப்பதும் திறக்காததும் அதைப் பொறுத்தது.

மன்றத்தில் மாவட்ட நீதிபதி நிலையில் ஒருவர் தலைவர், ஆட்சியரின் பிரதிநிதி ஒருவர், மனநல மருத்துவர் ஒருவர், பொது மருத்துவர் ஒருவர் இருக்கிறார்கள். மீதி இரண்டு இடம் நோயை அனுபவித்தவர்களுக்கும், பராமரிக்கும் குடும்பத்தினருக்கும், இந்தத் துறையில் வேலை செய்யும் அமைப்புகளுக்கும் உரியது. அந்த இரண்டு நாற்காலிகளைக் காலியாக விடாதீர்கள். அதில் ஒன்றிலாவது வார்டுக்குள் படுத்து எழுந்த ஒருவர் உட்காரட்டும். கூட்டத்தில் அவர் பேசும்போது, 'அவர் அப்படித்தான் சொல்வார்' என்ற பார்வை அங்கேயும் வந்துவிடக் கூடாது. மன்றத்தில் இருக்கும் மருத்துவருக்கு ஏதாவது ஒரு காப்பகத்தோடு தொழில் தொடர்பு இருந்தால், அந்த இடத்தின் வழக்கில் அவர் விலகி இருக்க வேண்டும். சின்ன மாவட்டங்களில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அப்படியென்றால் பக்கத்து மாவட்ட மருத்துவரை அழையுங்கள்.

உங்கள் வேலையையும் நாங்கள் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மன்றத்துக்கும் மூன்று மாதத்தில் எத்தனை மனு வந்தது, எத்தனை நாளில் முடிந்தது, எத்தனை இடத்துக்கு நேரில் போனீர்கள், எத்தனை பேரைக் கட்டிவைத்ததாக அறிக்கை வந்தது, எத்தனை பேர் உள்ளே இறந்தார்கள் என்று பெயர் இல்லாமல், எண்ணிக்கையாக, தமிழில் வெளியிடுங்கள். ஒரு மனநல நிலையத்துக்குள் நடக்கும் ஒவ்வொரு சாவையும், அது இயற்கைச் சாவு என்றே சொன்னாலும், அந்த நிலையத்தைச் சேராத ஒருவர் விசாரிக்க வேண்டும். அபராதமும் தண்டனையும் சட்டத்தில் இருக்கின்றன, அதைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. யாரையாவது ஜெயிலில் போட வேண்டும் என்பதற்காக நான் எழுதவில்லை.

இந்த மடலை அண்ணனிடம் படித்துக்காட்டினேன். மூன்று இடத்தில் சந்திப்பிழை திருத்தினார். அப்புறம், ஆய்வுக்கு வருகிறவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று அவராகவே சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

போர்வையைப் பார்க்காதீர்கள், மெத்தையைப் புரட்டிப் பாருங்கள். குளியலறையில் எத்தனை கப் இருக்கிறது, எத்தனை பேர் என்று எண்ணுங்கள். கணுக்காலையும் மணிக்கட்டையும் பாருங்கள், கட்டின தடம் சீக்கிரம் போகாது. சமையல் யார் செய்கிறார்கள், பாத்திரம் யார் கழுவுகிறார்கள் என்று கேளுங்கள். நோயாளிகள்தான் என்றால் கூலி கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். மத்தியானம் 3 மணிக்கு எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். பெண்கள் பகுதிக்குப் பெண் அதிகாரி போக வேண்டும், மாதவிலக்குத் துணி கொடுக்கிறார்களா என்பதை அவர் கேட்டால்தான் சொல்வார்கள். ராத்திரி ரவுண்ட்ஸ் நோட்டை வாங்கி, இன்றைய தேதிக்கு அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ரொம்ப நேரமாகப் பேசாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கிறவரிடம் முதலில் போங்கள். அவர் உடனே பேச மாட்டார். பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

உங்கள் குழுவோடு ஒருமுறை கூட வந்து இதையெல்லாம் காட்ட அவர் தயாராக இருக்கிறார். 'போறியா, பயமா இல்லையா?' என்று கேட்டேன். சாயங்காலம் திரும்பி வந்துவிடலாம் என்றால் போகிறேன் என்றார். எந்த மாவட்டம், என்றைக்கு என்று நீங்கள் சொன்னால் போதும். நான் கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
அவருடைய தம்பி